உள்பக்கக் கைப்பிடி

என் அன்பு வாயாடிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

விடுமுறையன்று அறையில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தோம். குளிர்பதனக் கிடங்குக்குள் மாட்டிக்கொண்டவன் கத்திக் கத்தி ஓய்ந்துபோகிற கதை. "செம போர்" என்றார் வெல்டர். "அந்தப் பொண்ணு நல்லா அழுவுது" என்றார் சமையல்காரர். டிரைவர் அண்ணன்தான், "அட, கதவுக்கு உள்பக்கமும் கைப்பிடி இருக்குமேப்பா! திறந்துட்டு வர வேண்டியதுதானே?" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் கிடங்கில் அந்தக் கைப்பிடி உடைந்து ஒரு மாதம் ஆகிறது.

மறுநாள் உள்ளே போகும்போது கதவிடுக்கில் ஒரு மீன் பெட்டியை வைத்தேன். "குளிரெல்லாம் வெளிய போவுது, எடுய்யா அதை!" என்று சூப்பர்வைசர் கத்தினார். எடுத்துவிட்டேன். படம் பார்த்த பயம்தான், வேறொன்றுமில்லை. நீ இருந்திருந்தால் கேலி செய்தே என்னை ஒருவழி பண்ணியிருப்பாய்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பு. சின்னவளின் விசிலையும் சேர்த்து வை. உள்ளே போனுக்கு சிக்னல் கிடையாது. வேலை முடிந்ததும், நம் வீட்டுக் கடிகாரத்தில் ஏழு மணிக்கு, தினமும் கூப்பிடுகிறேன். ஏழரை வரை கூப்பிடாவிட்டால் டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டு, கிடங்குக் கதவைத் திறந்து பார்க்கச் சொல். அவர் எண் பின்பக்கத்தில் இருக்கிறது. நானே அவரிடம் சொல்லலாம்தான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்துவிட்டேனே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன்னவன்