முனை முறிந்த பாக்குவெட்டி

முந்தாநாள் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னர் மர்ஜானா மதிலுக்கு மேலால் ஒரு சட்டி கஞ்சியை நீட்டினாள். வாங்கி வந்து குசினியில் வைத்த பிறகுதான் மூடியைப் பார்த்தேன். மூடியின் பிடி எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் நூல் சுற்றுகிற மரக்கட்டை ஒன்று திருகாணியால் முறுக்கப்பட்டிருந்தது. உன் கைவேலை. மருதமுனையில் உன் மாமி வீட்டுத் தறியில் கழித்துப் போட்ட கட்டைகளை நீ பை நிறைய அள்ளி வந்து, நம் ஒழுங்கை முழுக்க உடைந்த மூடிகளுக்கெல்லாம் பிடி போட்டாயே, அதில் ஒன்று.

நோன்பு வாயோடு இருக்கும்போது பொறாமைப்படக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. நீ கண்ணை மூடி மௌத்தாகி ஏழு மாதமாகிறது, இன்னும் எரிகிறது. இந்த ஒழுங்கையில் எந்த வீட்டுக்குப் போனாலும் உன் கட்டை போட்ட மூடி ஒன்றாவது இருக்கும். என் குசினியில் ஒன்றுகூட இல்லை. பிடி உடைந்த மூடிகளை நான் எறிந்துவிட்டுப் புதிது வாங்கினேன். உன்னைக் கூப்பிடுவதைவிட அது எனக்கு லேசாக இருந்தது.

நம் இருவருடைய வீடுகளும் நமக்குச் சீதனமாக வந்தவை. பிறந்த இடத்திலேயே இருந்துவிட்டோம், கலியாணம் முடித்து வந்தவர்கள் ஆண்கள்தான். அதிலும் பாதிப் பேர் கத்தாருக்கும் சவூதிக்கும் போய்விட்டார்கள். உன் மாப்பிள்ளை போன முதல் வருடம் உன் வீட்டு அயன்பெட்டி சூடாகாமல் போனது. நீ அதைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். "பாரு புள்ள, உள்ளுக்கு ஒண்டுமே இல்ல. ஒரு கம்பிதான் அறுந்திரிக்கி" என்றாய், என்னமோ புதையலைக் கண்டவள் மாதிரி. நான் சிரித்தேன். கரண்ட் அடித்துச் சாகப் போகிறாய் என்றேன். மறுநாள் அதே அயன்பெட்டியால் உன் மகளுடைய பள்ளிக்கூட உடுப்பைத் தேய்த்துக் கொண்டிருந்தாய்.

அதோடு தொடங்கியது. கேஸ் அடுப்பு எரியவில்லையா, தண்ணி மோட்டர் இழுக்கவில்லையா, குழாய் சொட்டுகிறதா, உன்னைத்தான் கூப்பிட்டார்கள். ஆண் துணை இல்லாத வீட்டுக்குள் வேலைக்காரனை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கிக் கிடந்த பெண்களுக்கு நீ கேட்காமல் கிடைத்த வரம். பழைய சாமானைக் கல்முனைக் கடைக்குக் கொண்டுபோனாலும், "இதெல்லாம் இப்ப ஒருத்தரும் செய்யிறல்ல, புதுசு எடுங்க" என்றுதான் சொல்வார்கள். நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய இறப்பர் செருப்பில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி வாஷர் போட்டு, தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடுவாய்.

எனக்கும் ஒரு கைப்பக்குவம் இருந்தது என்பதை நீயாவது மறந்திருக்க மாட்டாய். என் வட்டிலப்பத்துக்கு இந்த ஊரில் ஈடில்லை. கலியாண வீடு, கத்தம் ஓதுகிற வீடு எல்லாவற்றுக்கும் நான்தான். ஆனால் நான் கொடுத்தது அந்தப் பொழுதோடு தின்று முடிந்துவிடும். நீ கொடுத்தது வருடக்கணக்காக அடுப்படியில் இருந்துகொண்டு உன் பேரைச் சொல்லும். என் பொறாமைக்குக் காரணம் கேட்டால் இதுதான். பெரிய காரணம் ஒன்றுமில்லை.

மர்ஜானாவின் மாப்பிள்ளை மௌத்தாகி அவள் இத்தாவில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்க முடியாது, அந்நிய ஆண் யாரும் உள்ளே வர முடியாது. கச்சான் காற்று அனலாக அடித்த மாதங்கள் அவை. நான் தினமும் போனேன். சமைத்துக் கொடுத்தேன், யாசீன் ஓதினேன், பக்கத்தில் இருந்து பாக்குச் சீவி வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். அவளுக்கு ஆறுதல் நான்தான் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய மின்விசிறியின் கழுத்து ஆடிப்போய்த் தலை நிற்காமல் தொங்கியது. நீ ஒருநாள் வந்தாய், கால் மணித்தியாலம் இருந்தாய், கழுத்துத் திருகாணிக்கு உன் செருப்புத் துண்டைப் போட்டு இறுக்கினாய், போனாய். அதற்குப் பிறகு இரண்டு நாளாக மர்ஜானாவின் வாயில் உன் கதைதான்.

"அவட கை கையில்ல ராத்தா, அல்லாஹ்ட றஹ்மத்து" என்றாள் என்னிடம். நான் அவளுக்காகக் கலக்கிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்.

அவள் லுஹர் தொழ எழுந்து போனாள். என் கையில் பாக்குவெட்டி இருந்தது. அதன் நுனியைத் திருகாணியின் வெட்டில் வைத்துத் திருப்பினேன். நீ நன்றாகத்தான் இறுக்கியிருந்தாய், லேசில் அசையவில்லை. பலமாக அழுத்தியபோது நுனி முறிந்தது, திருகாணியும் இளகியது. அஸருக்குப் பிறகு மின்விசிறியின் தலை மெல்ல மெல்லக் குனிந்து தரையைப் பார்த்து வீசத் தொடங்கியது. வெள்ளை உடுத்த மர்ஜானா வியர்த்து ஒழுக, நான் ஓலை விசிறியால் அவளுக்கு விசிறினேன். அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆளனுப்பி உன்னைக் கூப்பிட்டார்கள். நீ வந்து குந்தியிருந்து திருகாணியைத் தடவிப் பார்த்தாய். வெட்டின் ஓரத்தில் புதிதாகக் கீறியிருந்தது. பிறகு வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்தாய். அதில் என் பாக்குவெட்டி கிடந்தது. அடுத்து என்னைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். நீ பார்க்கவில்லை.

"என்ட பிழைதான் மர்ஜானா" என்றாய். "நான் சரியா இறுக்கல்ல."

கத்தியிருந்தால், காட்டிக் கொடுத்திருந்தால், நான் உன்னோடு சண்டை பிடித்திருப்பேன், ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருப்பேன், எல்லாம் அதோடு ஆறியிருக்கும். நீ அப்படி வாய்திறவாமல் பழியை எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது. நல்ல குணத்திலும் என்னை முந்திவிட்டாய் அல்லவா.

வெளியே வந்து மதில் ஓரமாக நடந்தோம். உன் வாசலில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "உன்ட பாக்குவெட்டி முனை முறிஞ்சிரிக்கி. கொண்டா, தீட்டித் தாறன்" என்றாய்.

"முறியல்ல" என்றேன்.

"உன்ட ஊட்டுல ஒருநாளும் ஒண்டும் பழுதாகல்லியா புள்ள? இத்தின வருசத்துல என்ன நீ கூப்பிட்டதே இல்லியே."

"எங்கட ஊட்டுல எல்லாம் நல்லாத்தான் இரிக்கி."

அப்போது என் கிணற்றடிக் குழாய் வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற உனக்கும் அது கேட்டது. நீ "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

உன் ஜனாஸா அன்று வீடு கொள்ளாத பெண்கள். ஒவ்வொருத்தியும் என்ட அடுப்பு, என்ட மோட்டர், என்ட தையல் மெசின் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு அழுகை வந்தது, சொல்லி அழ ஒரு சாமான் இல்லை. அவர்களுடைய கண்ணீர்மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நீ நம்புவாயா? நம்புவாய். என்னைத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன்னை வைத்த சந்தூக்கைத் தூக்குவதற்கு முன்னர் உன் மகள் எழுந்து நின்று, "எங்கட உம்மாவால ஆருக்கும் ஒரு குறை நடந்திருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க" என்று கேட்டாள். எல்லோரும் பொறுத்தோம் பொறுத்தோம் என்றார்கள். மர்ஜானா விம்மிக்கொண்டே, "அந்த ஃபேன் ஒண்டுதான் ஒருக்காப் பிழைச்சது மகள். அத நான் எப்பவோ பொறுத்துட்டன்" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நீ செய்யாத ஒன்றை உனக்குப் பொறுத்து, உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் சட்டியாகக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. இன்றைக்கு வட்டிலப்பம் அவித்து அதில் வைத்து, உன் கட்டையைப் பிடித்து மூடி, அஸர் தொழுதுவிட்டு நானே கொண்டுபோனேன். மர்ஜானா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அண்டைக்கி ஃபேன் தலை விழுந்தது அவட பிழை இல்ல மர்ஜானா. நான்தான் கழட்டினன்."

அவளுக்கு விளங்கவில்லை. முழுவதையும் சொன்னேன்: பாக்குவெட்டி, லுஹர் நேரம், கீறல்.

"என்னத்துக்கு ராத்தா?"

"பொறாமையில."

கத்தியை வைத்துவிட்டு அப்படியே பலகையில் இருந்துவிட்டாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் அழத் தொடங்கினாள், என்னைப் பார்த்து அல்ல, அந்தச் சட்டி மூடியைப் பார்த்து.

"அவக்குத் தெரிஞ்சிரிக்கி. தெரிஞ்சிக்கிட்டே தன்ட பிழையெண்டு சொல்லியிரிக்கா. இப்பிடியும் ஒரு மனிசி இரிப்பாவா ராத்தா? பொறுக்க ஒண்டுமில்லாத மனிசிக்கு நான் பொறுத்தனெண்டு சொல்லிட்டனே..."

என்னைப் பொறுத்தாளா இல்லையா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்காமல் படியிறங்கினேன். நான் வட்டிலப்பத்தோடு மாப்புக் கேட்கப் போனேன், உன் பேரை இன்னும் ஒரு படி உயர்த்திவிட்டுத் திரும்பி வந்தேன். நாளைக்கு ஒழுங்கை முழுக்க இந்தக் கதைதான் ஓடும். என்னை ஏசுவார்கள், ஏசட்டும். ஆனால் ஏசி முடித்ததும் உன்னைப் புகழுவார்களே, அதை நினைத்தால்தான் திரும்பவும் வயிறு எரிகிறது. நான் திருந்திவிட்டேன் என்று உனக்கு எழுத ஆசைதான். பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

நோன்பு திறந்து மஃரிப் தொழுதுவிட்டு வெற்றிலைத் தட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். கிணற்றடிக் குழாய் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. முனை முறிந்த பாக்குவெட்டியில் பாக்கு ஒழுங்காகச் சீவுப்படுவதில்லை, ஓரத்தில் பிசிறு தட்டுகிறது. மகள் புதிது வாங்கித் தருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றுவிட்டேன். மர்ஜானாவிடம் எல்லாவற்றையும் சொன்ன நான், மதிலடியில் நீ சொன்ன "கொண்டா, தீட்டித் தாறன்" என்பதை மட்டும் சொல்லவில்லை. அடுப்பும் மோட்டரும் மூடிகளும் அவர்களுக்கு. அது எனக்குச் சொன்னது. அதில் ஒருத்திக்கும் பங்கு கொடுக்க மாட்டேன்.