மேசையில் நான் சொன்ன பதில்

கிலீன், டெக்சாஸ்
மார்ச் 4

அன்புள்ள கர்னல் ஐயா,

நலம்தானே? ஜோலீன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

பட்டாலியன் துணைத் தளபதிப் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் படியைத் தாண்டாமல் மேலே போகவே முடியாது என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்தவர் நீங்கள். நம் கறுப்புப் பிள்ளைகளும் பழங்குடிப் பிள்ளைகளும் ராணுவத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று நீங்கள் தொடங்கிய வழிகாட்டிக் குழுவில் முதல் ஆள் நான். எங்கே சறுக்கினேன்? ஒளிக்காமல் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
மேஜர் ரோஷெல் பிக்கன்ஸ்


கொலம்பஸ், ஜார்ஜியா
மார்ச் 19

அன்புள்ள ரோஷெல்,

சறுக்கியது நீ இல்லை அம்மா, நான்.

பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் மேசையைச் சுற்றி ஏழு பேர் இருந்தோம். கறுப்பன் நான் ஒருவன்தான். உன் பெயர் வந்ததும் ஒருவர் சிரித்துக்கொண்டே, "கெட்டிக்காரிதான். ஆனா வாய் கொஞ்சம் நீளம்" என்றார். ஜெனரல் என் பக்கம் திரும்பினார். "என்ன டில்லார்ட், உங்க ஆளாச்சே?"

அந்த 'உங்க ஆள்' என்னைக் கூசவைத்தது. சொந்த நிறத்துக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். "இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே சார்" என்றேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளத்தில் நூற்றுப்பத்துப் பேரை நீ கரைசேர்த்ததை அங்கே சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. வீட்டில் மனைவி ஜோலீனிடம் சொன்னதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பீங்க?" என்றாள். இரண்டு வாரமாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். மன்னித்துவிடு.

வெட்கத்துடன்,
வெர்னல் டில்லார்ட்


கிலீன்
ஏப்ரல் 2

கர்னல் டில்லார்ட் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

வாய் நீளம் என்றவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதன்பிறகு ஜெனரலிடம் போய் என்ன சொன்னீர்கள் என்று ஒரு வரிகூட இல்லையே?

நேற்று, குழுவில் புதிதாகச் சேர்ந்த லெப்டினன்ட் ஷான்டீன் பெகாய், "மேடம், கர்னல் எப்ப எங்களைப் பார்க்க வருவாரு? அவரைப் பத்தி அவ்வளவு சொன்னீங்களே!" என்று கேட்டாள்.

"அவருக்கு வேலை ஜாஸ்திம்மா" என்றேன். அவள் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய். அதுவே கடைசியாகவும் இருக்கட்டும்.

ரோஷெல் பிக்கன்ஸ்