இரண்டாவது ஆள்

பாசல், 28.12.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் இருமல் குறைந்ததா? நான் நல்ல சுகம். நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் ஒரு போட்டி நடந்தது; அதில் நான் ஒரு வீரரைத் தெரிவு செய்தபோது யாருக்கும் சொல்லாத காரணத்தை உங்களுக்கு எழுதுகிறேன்.

கூட வேலை செய்யும் அமெரிக்கர், பந்தைக் கையால் பிடித்து ஓடும் தங்கள் நாட்டுக் கால்பந்தை வைத்து அந்தப் போட்டியைத் தொடங்கினார். ஆளுக்கொரு வீரரைத் தெரிவு செய்யவேண்டும்; அவர் பந்தோடு ஓடும் தூரமே எங்கள் புள்ளி. கடைசியாக வருபவருக்குக் கிறிஸ்மஸ் அன்று வேலை. நானோ சிநேகிதி திரேசா வீட்டுக்கு, எம்மன்புரூக்கே என்ற ஊருக்குப் போக ஆசைப்பட்டிருந்தேன்.

எங்களோடு வேலை செய்யும் இரவீந்திரன் அண்ணை பேர்போன வீரரை எடுத்தார். நான் அதே அணியில் பந்தோடு ஓடும் இரண்டாவது ஆளை எடுத்தேன்.

"உவனை ஆருக்குப் பிள்ளை தெரியும்? கிறிஸ்மஸுக்கு நீர்தான் இஞ்சை!"

"பாப்பம் அண்ணை."

பேர்போனவரை இரண்டு பேர் மறிப்பார்கள்; பந்து மற்றவரிடம் போகும். பள்ளிக்கூட வலைப்பந்தில் எல்லோரும் எங்கள் அணியின் கெட்டிக்காரி ஜெயமலரை மறிக்க, பந்து என்னிடம்தானே வந்தது? நீங்கள் மட்டும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூளும், உங்கள் கையால் எழுதிய நீளமான கடிதமும் கொடுத்துவிடுங்கள். டிராமுக்கு நேரமாகிறது.

கிறிஸ்மஸ் அன்று அண்ணை ஆய்வுகூடத்தில் நின்றார். நான் திரேசா வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அன்பு மகள்,
மனோகரி