வடக்கே விட்ட காலியிடம்

பேசாமல் இருந்தது போதும். நீ இருந்தவரை ஏழு வருஷம், நீ போன பிறகு பதினோரு மாதம்.

இன்று காலை தோட்டத்துச் சுவரில் பாசி சுரண்டினேன். கார்த்திகை பிறந்தால் எனக்கு வருஷந்தோறும் இந்த வேலை. ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, ஊறவிட்டு, வாரியலால் தேய்க்க வேண்டும். அந்த வாடை கையை விட்டுப் போக இரண்டு நாளாகும். சுவருக்கு மறுபக்கம் உன் தோட்டம். அங்கே நல்ல வெயில். நடுவில் இருப்பது ஒன்பது அங்குலச் சுவர்தான். என் வீட்டின் நிழல் என் தோட்டம் முழுவதையும் மூடிக்கொண்டு அந்தச் சுவர் வரை வந்து நின்றுவிடுகிறது.

குற்றாலம் சாலையை ஒட்டி இந்த இரண்டு வீடுகளும் அடுத்தடுத்து விலைக்கு வந்தபோது நாம் இருவரும் சேர்ந்துதான் பார்க்கப் போனோம். வைகாசி மாதம். ஒன்றில் வீட்டுக்குத் தெற்கே தோட்டம், மற்றதில் வடக்கே. நீ செல்போனில் திசைகாட்டியைத் திறந்து அங்கும் இங்கும் நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"வடக்கதாம்லே காலியா கெடக்கணும். குபேரன் வார வழி. நீ சின்னவன், நீ எடுத்துக்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூத்தவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று வடக்குத் தோட்டத்தில் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி அதன் நடுவில் நின்று, பிச்சிக்கொடி இந்த மூலையில், செம்பருத்தி அந்த மூலையில் என்று இடம் பிரித்தாள். அப்போதே அவளுக்கு விரல் மூட்டுகளில் வலி தொடங்கியிருந்தது. குளிர் மாதங்களில் காலை வெயில் படும்படி உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். தோட்டம் வைத்த வீடாக நாங்கள் அலைந்து தேடியது அதற்காகத்தான். அது உனக்கும் தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவன். நம் ஊரில் சித்திரை முதல் ஆவணி வரை உச்சி வெயில் வடக்கே சாய்ந்திருக்கும், ஐப்பசிக்கெல்லாம் நன்றாகத் தெற்கே போய்விடும் என்று உலக உருண்டையைச் சுற்றிக் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன். அப்படிப்பட்டவன் ஒரு நாள் வெயிலைப் பார்த்துவிட்டு வருஷத்துக்கும் அப்படித்தான் என்று தலையாட்டினேன். வாஸ்துவின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. உன் மேல் இருந்தது.

சித்திரையில் அந்தத் தோட்டத்தில் சூட்டில் கால் வைக்க முடியாது. ஆனியிலும் ஆடியிலும் சாரல். ஐப்பசியிலிருந்து மாசி வரை தரையில் ஒரு பொட்டு வெயில் விழாது. பிச்சிக்கொடி சுவரைத் தாண்டி உன் பக்கம் போய்ப் பூத்தது. மதினி அந்தப் பூவைக் கிண்ணத்தில் பறித்துச் சுவருக்கு மேல் நீட்டுவார்கள். என் மனைவி வாங்கிச் சாமி படத்துக்குப் போடுவாள். தலையில் வைக்கமாட்டாள்.

மாடி ஏற அவள் மூட்டு விடாது. வாசலில் உட்காரலாம் என்றால் எதிரே மூன்று மாடிக் கட்டிடம். அதனால் முதல் மார்கழியில் உன் தோட்டத்துக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். பத்து நாள் இருக்கும். விரல் கொஞ்சம் மடங்குகிறது என்று என்னிடம் மடக்கிக் காட்டினாள். அடுத்த நாள் உன் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவள் காதுபடவே அவர்களிடம் நீ சொன்னாய்:

"தம்பி பூகோள வாத்தியாரு. சூரியன் எங்கன போவும்னு தெரியாம வீட்ட வாங்கிட்டான். அவன் சம்சாரம் வெயில் வாங்க இங்க வந்து உக்காந்திருக்கா."

அவர்கள் சிரித்தார்களாம். அவளும் சிரித்தாளாம். நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வந்தவள், உன்னை எடுக்கிற அன்றுதான் மறுபடி உன் வாசல் ஏறினாள். அம்மாவிடம் உன் தியாகம், சம்பந்தியிடம் என் மடத்தனம். ஒரே வீட்டை வைத்து இரண்டு பெருமை. இப்போது அவள் ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன்.

நீ அப்படிச் சொன்ன அன்று மாலையே சுவரருகே நின்று கேட்டேன், வெயில் தெற்கே போய்விடும் என்று உனக்கு முன்னமே தெரியுமா என்று. முப்பது வருஷம் கட்டிட வேலை பார்த்தவன் நீ. ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் சொன்னாய்:

"தெரியும்லே. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். ஒரு பொய் சொல்லும் அளவுக்குக்கூட நான் உனக்குப் பொருட்டாக இல்லை.

பிறகு அம்மா படுத்தாள். அம்மா போனதும் நீ படுத்தாய். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு உன்னைக் காரில் கூட்டிப் போனதும் நான்தான். மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்தவனிடம் வெயிலைப் பற்றி எப்படிப் பேசுவது?

போன வாரம் உன் மகன் வந்தான். உன் முதல் வருஷத் திவசத்துக்கு எல்லோரிடமும் உனக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிச் சின்னப் புத்தகமாகப் போடப்போகிறானாம்.

"நீங்கதான் சித்தப்பா நல்லா எழுதுவீய. நல்ல வீட்ட அப்பா உங்களுக்கு விட்டுக்குடுத்தாவல்லா, அதை எழுதுங்க."

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை ஒவ்வொரு இணுக்காக உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள். மறுபடி கீரைக்குக் குனிந்துகொண்டாள்.

எழுதிவிட்டேன். காய்ச்சலில் கிடந்த என்னை ஐந்தருவியிலிருந்து தோளில் தூக்கி வந்த அண்ணனும் நீதான். மறக்கவில்லை. அதை எழுத இன்று மனம் வரவில்லை, அவ்வளவுதான். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கெட்ட புத்தி. யார் எதை விட்டுக்கொடுத்தாலும் அதன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பார்க்கிறேன். கடைக்காரர் நல்ல தேங்காயாகப் பொறுக்கித் தந்தால்கூட வாங்கித் திருப்பிப் பார்க்கிறேன். அவர் முகம் சுண்டுவதையும் பார்க்கிறேன்.

இதைத் தபாலில் அனுப்பப்போகிறேன். கீழே பெயர் இருக்காது. யார் எழுதியது என்பது உன் மகனுக்கும் மதினிக்கும் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும். ஒளிந்துகொள்வதற்காக இல்லை. உனக்கு எழுதிய எல்லாக் கடிதங்களிலும் 'அன்புத் தம்பி' என்றுதான் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அதை எழுதத்தான் பேனாவை வைத்தேன். கை ஓடவில்லை. அப்படியே உறையை ஒட்டுகிறேன்.