ஆவுடையப்பன் முகம் துடைத்தது

வடகரை,
ஆவூர் அருகில்,
புதுக்கோட்டை மாவட்டம்.
ஏப்ரல் 27

அன்பு மகள் ஜாஸ்பினுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் ஆடுகள் மூன்றும் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பதாகச் சொல்வதை நான் நம்புகிறேன், உன் அம்மா நம்பவில்லை. போன வாரம் வீடியோவில் உன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததாம். நீ போனைச் சாய்த்து வைத்திருந்தாய் என்று நான் சொன்னேன், அவள் காதில் வாங்கவில்லை. போலந்தில் உங்கள் லூப்ளின் நகரத்தில் இன்னும் குளிர் விடவில்லை என்றாய். இங்கே காலை எட்டு மணிக்கே வாசல் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. இரண்டையும் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று உன் மாலை வகுப்புப் பேராசிரியரிடம் கேட்டுச் சொல். பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் வழி தெரியும் என்று உன்னிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

நீ கேட்டது ஒரே கேள்வி, அந்த ஊரில் வீடு வாங்கலாமா வேண்டாமா என்று. ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். ஆனால் அதற்கு முன்னுரையாக நீ அனுப்பிய குரல் பதிவு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடியது, பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு. போனில் பதில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள், அதனால்தான் எழுதுகிறேன். செய்தி எழுதுற மாதிரி எழுதாதீங்க, மகளுக்கு எழுதுற மாதிரி எழுதுங்க என்று அடுப்படியிலிருந்து இப்போதும் ஒரு குரல் வருகிறது. முப்பத்தைந்து வருடம் செய்தி எழுதியவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

உன் பதிவை நான் இரண்டு தரம் கேட்டேன், உன் அம்மா பாதியில் எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போய்விட்டாள். நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். போலந்தும் பக்கத்து உக்ரைனும் 1990 வாக்கில் ஏறக்குறைய ஒரே அளவு வசதியோடுதான் இருந்தன, ஒரு நாடு கடை வைக்கிறவனையும் தொழில் செய்கிறவனையும் அவன் போக்கில் விட்டது, கோர்ட்டையும் தேர்தலையும் ஓரளவு ஒழுங்காக வைத்துக்கொண்டது, இன்னொரு நாட்டில் நாலைந்து பெரிய கைகள் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டன, அது நிமிர்ந்து நிற்கப் பார்த்த நேரத்தில் பெரிய அண்டை நாடு படையெடுத்து வந்துவிட்டது. அதனால் நீ இருக்கிற நாட்டின் அமைப்பு உறுதியானது, வீடு வாங்கலாம். இதுதானே? 1990 கணக்கை நான் சரிபார்த்தேன், கிட்டத்தட்ட நீ சொன்னது சரி. உனக்கு மேல் மாடியில் இருக்கிற அந்த வயதான அம்மா சொன்னதையும் கேட்டேன். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது கடையில் கழிவறைத் தாள் வந்தால் தெருமுனை வரை வரிசை நிற்குமாம், கிடைத்த சுருள்களைக் கயிற்றில் கோத்து மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். ஏன், அந்த ஊர்ல தண்ணியே இல்லையாமா என்று கேட்டாள். ஒரு ஆட்சி முறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சித்து நான் கேட்டதில்லை.

உன் அம்மாவின் நிலை உனக்குத் தெரியும். எல்லை தாண்டிப் போலந்துப் பக்கமும் ட்ரோன் வந்து விழுந்தது என்று டிவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. லூப்ளினிலிருந்து எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டாள், நமக்கு இங்கிருந்து மதுரை இருக்கிற தூரம்தான் என்று நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மதுரைக்கு நம்ம போயிட்டுச் சாயங்காலத்துக்குள்ள வந்துர்றோம், குண்டு வராதா என்றாள். அன்றிலிருந்து அவளுடைய பேச்சு ஒன்றுதான், பிள்ளை வேலையை விட்டுவிட்டு வரட்டும், திருச்சியில் கம்பெனியே இல்லையா, வீடு எதுக்கு அங்கிட்டு. நானும், அவசரப்படாதே, போர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுதான் உனக்கு எழுத நினைத்திருந்தேன். பாதுகாப்பான பதில் அது, சொல்கிறவனுக்கு. அதை எழுத உட்காருவதற்கு முன்னால் நம் கண்மாயில் மீன்பிடித் திருவிழா வந்துவிட்டது.

ஆமாம், நம் பெரிய கண்மாய்தான். ஒன்பது வருடத்துக்கு முந்தைய சண்டை உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். தண்ணீர் வற்றியதும் சுற்றுவட்டாரம் முழுக்க வந்து கரையில் நிற்கும், கரை ஐயனாருக்குத் தேங்காய் உடைத்ததும் வடகரைப் பெரியவர் வெள்ளைத் துண்டை ஆட்டுவார், அதுவரை ஒருவரும் காலை நனைக்க மாட்டார்கள், ஆட்டிய பிறகு யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். எந்த ஊர், எந்தச் சாதி, கோயிலா மாதா கோயிலா என்று கேள்வி கிடையாது. நம் ஆட்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு இறங்குவார்கள், பக்கத்தில் இறங்குகிறவர் ஐயனாரைக் கும்பிட்டுக்கொண்டு இறங்குவார், விரால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வழுக்கும். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். தென்கரைக்காரர்கள் அந்த வருடம், தண்ணி ரெண்டு ஊருக்கும்தானே பாயுது, துண்டு மட்டும் ஏன் உங்க தோள்லயே கிடக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்மவர்கள் வாயால் பதில் சொல்லாமல் கல்லால் சொன்னார்கள், அவர்களும் அப்படியே. போலீஸ் வந்தது, தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை, திருவிழாவுக்குத் தடை. பிறகு மீன் ஏலத்துக்குப் போனது. வெளியூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்தார், காவலுக்கு ஆள் போட்டார், நம் கண்மாய் மீனை வேனில் ஏற்றி நம் பஸ் ஸ்டாப்பிலேயே நிறுத்தி அவர் சொன்ன விலைக்கு விற்றார். மண்டை உடைந்த வடகரையும் கை ஒடிந்த தென்கரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அதே வரிசையில் நின்று வாங்கினார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் முறையாக ஏலம் எடுத்தவர். இதற்கு உன் வகுப்பில் ஏகபோகம் என்று பெயர் சொல்வார்கள். தென்கரை செங்கமலம் சொன்ன பெயரை எழுத முடியாது.

செங்கமலத்தை உனக்குத் தெரியும், உன் அம்மாவோடு டைலரிங் படித்தவள், மாதா கோயிலில் உன் புது நன்மைப் பூசைக்கு அந்த வெள்ளைக் கவுனைத் தைத்துக் கொடுத்தவள். அவள் அண்ணனுக்குத்தான் அந்தச் சண்டையில் கை ஒடிந்தது. அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு ஜன்னல் பார்ப்பார்கள்.

இந்த வருடம் இரண்டு கரையும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். குத்தகை முடிந்தது, மறுபடி ஏலம் வேண்டாம், எல்லோருக்கும் திறந்து விடலாம். துண்டு இரண்டு. வடகரையில் ஆவுடையப்பன் ஆட்டுவார், தென்கரையில் உதயசூரியன் ஆட்டுவார், செல்போனில் பேசிக்கொண்டு ஒரே நேரத்தில். இரண்டும் ஆடினால்தான் இறங்கலாம், ஒரு கரை முந்தினால் ஒப்பந்தம் முறிந்தது, மறுபடி குத்தகை. இப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். இந்த உதயசூரியன் பெயருக்கும் அவர் இருக்கிற கட்சிக்கும் சம்பந்தம் கிடையாது, அவருடைய அப்பாவின் கட்சி அது. தேர்தல் வந்தால் சொந்தப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள அவர் படுகிற பாடு தனிக் கதை.

சனிக்கிழமை காலை இரண்டு கரையிலும் ஜனம், திருவரங்குளம் பக்கமிருந்துகூட மினி லாரியில் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஊத்தா, அதுதான் அடியில்லாத மூங்கில் கூடை, சிலரிடம் வலை, சிலரிடம் கொசுவலை. உன் அம்மா வேடிக்கை பார்க்க மட்டும் வந்தாள், கையில் குடை. தேங்காய் உடைத்தாயிற்று. ஆவுடையப்பன் மடையின் மேல் ஏறி நின்றார், பட்டுக்கரை வேட்டி, இஸ்திரி போட்ட வெள்ளைத் துண்டு தோளில், காதில் போன். ஒன்பது வருடம் காத்திருந்த பதவி, வெயிலும் சுள்ளென்று அடிக்கிறது, மனுசனுக்கு வியர்வை ஊற்றுகிறது. இரு இரு, இங்கிட்டு ஒரு கிழவர் இன்னும் கும்பிட்டு முடிக்கல என்று எதிர்க்கரையிலிருந்து உதயசூரியன் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்தார், எடுத்து முகத்தைத் துடைத்தார். அவ்வளவுதான். துண்டு தோளை விட்டு வந்ததுதான் தெரியும், வடகரை மொத்தமும் ஓவென்று தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் துண்டிலிருந்து முகத்தை எடுத்துப் பார்க்கிறார், கரையில் அவரும் நானும் ஐயனாரும் மட்டும்.

தென்கரையில் கூச்சல் கிளம்பியது. ஏமாத்திட்டானுக, இவனுக புத்தி போகாதுடா என்று கத்துவது தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது. இரண்டு மூன்று பேர் குனிந்து கல் எடுத்ததையும் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஆரம்பித்தது, அன்றைக்கும் நான் இதே இடத்தில் குறிப்பேடு வைத்துக்கொண்டு நின்றேன். உதயசூரியனின் குரல் போனிலிருந்து எனக்கே கேட்டது. யோவ் ஆவுடையப்பா, தொடைச்சியா, ஆட்டுனியா? தொடைச்சேன்யா, எங்க ஆத்தா சத்தியமா தொடைச்சேன் என்று இவர் அழாத குறை. பிறகு பார்த்தால், உதயசூரியன் நிதானமாகத் தன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். ஆட்டவில்லை. நெற்றி, கழுத்து, காதுக்குப் பின்னால் என்று அவரும் முகம் துடைத்தார். தென்கரை ஒரு நிமிடம் விழித்தது, யாரோ சிரித்தார்கள், அடுத்த மூச்சில் அத்தனை பேரும் தண்ணீரில். கல் எடுத்தவர்கள் கல்லைப் போட்டுவிட்டு ஊத்தாவை எடுத்தார்கள், ஊத்தா பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

இதை வைத்து கைக்கு வேலையும் வியாபாரமும் இருந்தால் சண்டை வராது என்று நீ உன் வகுப்பில் பேசிவிடாதே. வியாபாரம் நன்றாக நடந்த நாடுகளும் அடித்துக்கொண்டிருக்கின்றன. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், அந்தக் காலையில் ஒப்பந்தம் எங்களைக் காப்பாற்றவில்லை, ஒப்பந்தப்படி பார்த்தால் வடகரை முந்திவிட்டது, குத்தகைதான். காப்பாற்றியது ஒரு மனிதர் முகம் துடைத்தது. ஆனால் இரண்டு துண்டு என்கிற அந்த ஏற்பாடு இல்லையென்றால் துடைக்க உதயசூரியன் தோளில் துண்டே இருந்திருக்காது. உனக்குப் பாதி வெற்றி, எனக்குப் பாதி, வைத்துக்கொள்.

இதற்குள் உன் அம்மாவைக் காணவில்லை. குடை மட்டும் கரையில் கிடந்தது. தேடினால், கண்மாய் நடுவில் முழங்காலுக்கு மேல் சேற்றில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் செங்கமலம். ஊத்தா செங்கமலத்தினுடையது, உள்ளே கையை விடுவது உன் அம்மா. அடியே செல்வி, அது கால்டி, என் காலை விடுடி என்று செங்கமலம் கத்துகிறாள். ஒன்பது வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். பகல் முழுக்க இரண்டு பேரும் கரைக்கு வரவில்லை.

இரண்டு விரால், ஐந்தாறு கெளுத்தி, சேறு அப்பிய சேலையோடு உன் அம்மா வீட்டுக்கு வந்தாள். மீனை ஆய்ந்துகொண்டே, நான் கேட்காமலே சொன்னாள். அவளை வீட்டை வாங்கச் சொல்லிருங்க. நான் அரிவாள்மனையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டேன். ரெண்டு பெரிய மனுசங்க சேந்து துண்டை ஆட்டட்டும், அப்புறம் செங்கமலத்துக்கிட்டப் பேசிக்கலாம்னு கரையிலயே நின்னேன், ஒம்போது வருசம் போச்சுங்க. நம்ம புள்ளைக்கு இப்பவே முப்பத்தொண்ணு. கெளுத்தி முள் குத்திவிட்டது, அதனால்தான் கண்ணில் தண்ணீர் என்று சொன்னாள். முள் குத்தியதை நான் பார்க்கவில்லை.

ஆகவே பதில், வாங்கு. ஒரு நாடு எப்படிப் போகும் என்று யாரும் உனக்கு எழுதிக் கொடுக்க முடியாது, உன் பேராசிரியராலும் முடியாது. நீ அந்த நாட்டை எட்டு வருடம் உள்ளே இருந்து பார்த்திருக்கிறாய், நாங்கள் டிவியில் பார்க்கிறோம். ஆனால் உன் அம்மாவின் நிபந்தனைகள் சில உண்டு, அவற்றுக்கு என் ஒப்புதலும் உண்டு. நீ பார்த்திருக்கிற ஐந்தாவது மாடி வேண்டாம், ஓடி இறங்குகிற உயரத்தில் பார். கட்டடத்துக்கு அடியில் பதுங்க இடம் இருக்கிறதா என்று கேள், கேட்க வெட்கப்படாதே. அடுப்படி ஜன்னல் பெரிதாக இருக்கட்டும், அவள் வந்து மீன் வறுத்தால் மேல் மாடிக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டுவிடக் கூடாது. அவளாகவே பாஸ்போர்ட் ஆபீசுக்கு எந்த பஸ் என்று விசாரித்து வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு விராலை உப்புப் போட்டு மாடியில் காயவைத்திருக்கிறாள், உனக்குப் பார்சலில் வரும். பிடித்த மீனை விற்கத்தான் கூடாது, அனுப்பக் கூடாது என்று சட்டம் இல்லையாம். உங்கள் ஊர் சுங்கத்தில் பிரித்து மோந்து பார்த்து மயங்கி விழுந்தால் நீயே போய் விளக்கம் சொல், பொருளாதார சுதந்திரம் பற்றி இருபது நிமிடம் பேசியவள் நீதானே.

ஆவூர் பெரியநாயகி மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, வீடியோவில் போனை நேராக வை. மறக்காமல் ஒன்று செய்: பாஸ்போர்ட், சான்றிதழ், வீட்டுப் பத்திரம், ஒரு நல்ல கம்பளி, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே பையில் போட்டுப் புது வீட்டின் கதவோரம் மாட்டி வை. அது அங்கேயே தொங்கித் தூசி படிந்து கிடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஜெபம். வருடம் ஒரு தரம் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டு. துடைத்தாய் என்று சொல், நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

உன் அன்பு அப்பா,
அந்தோணிமுத்து

அம்மா சொல்லச் சொன்னது: செங்கமலம் ஜன்னல் அளவு கேட்கிறாள். திரைச்சீலை அவள்தான் தைப்பாளாம்.