கதவு பூட்டியிருந்தது, அக்கா

என் உயிரான சாந்தி அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. லுக்குட் ஊரில் நீ மெத்தை உறை தைத்த பட்டறையைச் சுற்றித் தகர வேலி போட்டிருக்கிறார்கள். மாமா, நீங்கள் இருவரும் குடும்பம் நடத்திய தோட்டத்து வீட்டிலேயே தனியாக இருக்கிறார். உன் துணி அலமாரியை யாரையும் திறக்க விடுவதில்லை.

கல்லூரியில் நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று நீ ஒருமுறை கேட்டாய், நினைவிருக்கிறதா? "நூறு வருஷத்துக்கு முந்தி அமெரிக்காக்காரன் எப்படி வாழ்ந்தான்னு" என்றேன். "அவன் எப்படி வாழ்ந்தா மலேசியாவுல இருக்கிற நமக்கென்ன லா?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. நியூயார்க்கில் ஓர் உயரமான கட்டடம். மேல்மாடிகளில் பெண்கள் சட்டை தைக்கும் தொழிற்சாலை. தைத்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கக் கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண்கள். சரக்கு திருட்டுப் போகிறதென்று ஒரு கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். தீப்பிடித்தபோது அந்தக் கதவு திறக்கவில்லை. பலர் சன்னல் வழியே குதித்தார்கள்.

வருடா வருடம் இதைச் சொல்லிவிட்டு, "பிறகு சட்டங்கள் மாறின" என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். இம்முறை கதவு என்ற சொல்லோடு பாடத்தை நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முன்வரிசையில் இருந்த கவிதா என்ற மாணவி கேட்டாள். "முதலாளிங்களுக்கு என்ன தண்டனை, மிஸ்?"

"விடுதலை."

"அது எப்படி? கதவு பூட்டித்தானே இருந்துச்சு?"

"பூட்டியிருந்தது அவங்களுக்குத் தெரியும்னு நிரூபிக்க முடியல."

சொல்லி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் மேனேஜரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான், அக்கா. பின்கதவு பூட்டியிருந்தது தனக்குத் தெரியவே தெரியாதாம். உன்னோடு இருந்து தப்பித்தவர்கள் வாய் திறக்கவில்லை. அவன் நடத்தும் இன்னொரு பட்டறையில்தான் அவர்களுக்கு இப்போது வேலை.

ஆனால் உன் குரல் என் கைப்பேசியில் இருந்தது. தீப்பிடிப்பதற்குப் பதினொரு நாள் முன்பு நீ அனுப்பியது. "மாலா, பின்கதவப் பூட்டிட்டாங்கடி. துணி காணாமப் போவுதாம். மேனேஜரக் கேட்டா, நான்தான் பூட்டச் சொன்னேன், இஷ்டமில்லாதவ வீட்டுக்குப் போன்னு சொல்றான். தீ கீ புடிச்சா எங்க ஓடுறது? நீ படிச்சவளாச்சே, யாருகிட்டச் சொல்லணும்னு சொல்லு லா."

அதன் கீழே என் பதில்: "பொறு அக்கா, பேப்பர் திருத்திட்டு இருக்கேன்."

பூட்டிய கதவு என்ன செய்யும் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்தப் பதிலை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஏழு மாதம் மறைத்து வைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவனையும் காப்பாற்றிவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். மாமாவிடம் உன் குரலைப் போட்டுக் காட்டினேன். என் பதிலையும் படிக்கக் கொடுத்தேன். கைப்பேசியைத் திருப்பி என் கையில் வைத்தார். "அவ கேட்டிருக்காளே, மாலா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பிறகு என் அழைப்பை எடுப்பதில்லை.

மறுநாள் காலை அந்தப் பதிவைப் போலீஸ் நிலையத்தில் கொடுத்தேன். விசாரணை அதிகாரி உன் குரலை இரண்டு முறை போட்டுக் கேட்டார். இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்றார். வெட்கமாக இருந்தது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

வழக்கு நிற்குமா, தெரியாது. ஒருவேளை அவனும் விடுதலையாகிவிடுவானோ என்னவோ. மாமா என்னை மன்னிப்பாரா? நீ?

நீதிமன்றத்தில் அவன் வக்கீல் என் பதிலை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார். உங்கள் அக்கா கேட்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பார். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வேன். எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வேன். நீ சொன்ன ஒவ்வொரு சொல்லும் அங்கே பதிவாகும்வரை சாட்சிக் கூண்டை விட்டு இறங்கமாட்டேன். சத்தியம், அக்கா.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
மாலா
மம்பாவ்