கோழி மருந்து டப்பாவில் இருந்த நாலு குப்பி

ஒலக்கூர்,
புதன்கிழமை.

அன்பு மகன் தென்னரசுக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஷார்ஜாவில் நீ உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் இங்கே எல்லோரும் சுகம் என்ற அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. உங்கம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வயிற்றில் கீறிய புண் ஆறிக்கொண்டு வருகிறது, ஜுரம் இல்லை, சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, அதனால் பயப்படாதே. பயப்படாதே என்று எழுதிவிட்டேனே தவிர, நீ கொஞ்சம் பயந்தால் தேவலை என்றுதான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் மணி அடித்தால் உங்கம்மா என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறாள், நான் பேசினால் பக்கத்திலேயே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லக் கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மருந்துக்கடை மேஜையில் உட்கார்ந்து மீறிக்கொண்டிருக்கிறேன். உன் அறை நண்பர் கோட்டக்குப்பத்து அன்சாரி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் குப்பிகள் எந்தக் கை வழியாக இங்கே வந்தனவோ அதே கை வழியாக இது அங்கே வரட்டும். அவர் மேல் கோபப்படாதே, பேரீச்சம்பழப் பொட்டலத்துக்குள் என்ன இருந்தது என்று பாவம் அவருக்கே தெரியாது.

உங்கம்மா கோழிக்குப் போடுகிற கழிச்சல் ஊசியை மாற்றித் தனக்குப் போட்டுக்கொண்டாள் என்றுதானே உனக்குச் சொன்னோம். நீயும் சிரித்தாய், அப்புறம் திட்டினாய், யாராச்சும் கோழி ஊசியப் போயி போட்டுக்குவாங்களா, உனக்குக் கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்க வேண்டியதுதானேம்மா என்றாய். அவள் சரிடா சரிடா என்று கேட்டுக்கொண்டாள். தென்னரசு, அவள் கோழி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. நீ அனுப்பிய மருந்தைத்தான் போட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கு நீ வந்தபோது உன் பையில் அந்தக் குப்பியை நான் பார்த்துவிட்டு எவ்வளவு கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? தோள்பட்டை வலிக்கு என்றாய், ஜிம்மில் எல்லோரும் போடுகிறார்கள் என்றாய், பெப்டைடுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுப்பா, இன்சுலின் கூட பெப்டைடுதான் என்று எனக்கே பாடம் நடத்தினாய். முப்பத்தொரு வருஷமாக இன்சுலினை எடுத்துக் கொடுக்கிறவனிடம் சொல்கிறாய். இன்சுலின் பெட்டியில் செய்தவன் பேர் இருக்கிறது, உரிமம் எண் இருக்கிறது, தொகுதி எண் இருக்கிறது, கெடு தேதி இருக்கிறது. உன் குப்பியில் நாலு எழுத்தும் ஒரு எண்ணும், கீழே எறும்பு அளவு எழுத்தில் ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல என்றும் இருந்தது. விற்கிறவனே மனுஷனுக்கு இல்லை என்று எழுதித் தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டு விற்கிறான், நீ அதைப் படித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறாய். கேட்டால் அது சும்மா சட்டத்துக்காக எழுதறதுப்பா என்கிறாய். சட்டத்துக்காக எழுதுவதைச் சும்மா என்று சொல்ல உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இவ்வளவு கத்தியும் நீ ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போய் ஒரு மாசத்தில் உங்கம்மாவின் முட்டி வலிக்கு நாலு குப்பி அனுப்பினாய். அப்பாகிட்ட சொல்லாத, அவரு கடைக்காரர் மாதிரி பேசுவாரு என்று வேறு அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

அவள் அதை பிரிட்ஜில் கோழி மருந்து வைக்கிற எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்துவிட்டாள். கடையில் வருகிற ஒவ்வொரு பெட்டியையும் புரட்டிப் பார்க்கிற நான் என் வீட்டு பிரிட்ஜில் அந்த டப்பாவைத் தினமும் பார்த்தேன், ஒருநாள் திறக்கவில்லை. கோழி மருந்துதானே என்று இருந்துவிட்டேன். நீ வீடியோவில் ஊசி எப்படிப் போடுவது என்று காட்டப் போனாயாமே, நான் கோழிக்கே போடறவ, எனக்குப் போட்டுக்கத் தெரியாதா என்று கேட்டாளாமே. பொடியைக் கலக்க ஸ்டெரைல் வாட்டர் வாங்கிக்கொள் என்றும் சொல்லியிருக்கிறாய். எந்தக் கடையில் போய் வாங்குவாள்? என் கடையில் கேட்டால் எனக்குத் தெரிந்துவிடும். போன முறை கோழி ஊசிக்குக் கொடுத்த தண்ணீர் அரை பாட்டில் மிச்சம் இருந்தது, திறந்து எத்தனை மாசம் ஆனதோ, ஊசித் தண்ணி எல்லாம் ஒண்ணுதானே என்று அதையே ஊற்றிக் கலந்திருக்கிறாள். ஒன்றுவிட்டு ஒருநாள் என்று ஐந்து ஊசி.

பத்தாவது நாளிலிருந்து ஜுரம். கேட்டால் வெயிலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கினது என்றாள், நானும் மாத்திரை கொடுத்தேன். தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவு வீங்கிச் சிவந்திருந்ததைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டே இரண்டு நாள் வேலை செய்திருக்கிறாள். காலையில் கோழிக்குத் தீனி போடப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், கை தீயாகக் கொதிக்கிறது, என்னைப் பார்த்துக் கலைப்பிரியா பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவளைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு விழுப்புரம் போனேன், உன் தங்கச்சி கலைப்பிரியா மாமியார் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு ஊசி குத்தின இடமாச்சே, என்ன போட்டீங்க என்று கேட்டார். அந்த ஜுரத்திலும் உங்கம்மா கண்ணைத் திறந்து, கோழி மருந்தும்மா, சர்க்கரை ஊசின்னு நெனச்சி மாத்திப் போட்டுக்கினேன் என்றாள். அவள் சர்க்கரைக்குச் சாப்பிடுவது மாத்திரை, வீட்டில் சர்க்கரை ஊசியே கிடையாது. அதைக்கூட யோசிக்காமல் நான் வார்டில் இருபது பேர் பார்க்க அவளைத் திட்டினேன். படிக்காத முண்டம் என்று கூடச் சொன்னேன்.

கோழி மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டரம்மா என்னை அனுப்பினார். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால் கோழிக் குப்பி மூடி உடையாமல் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உன்னுடைய நாலு குப்பி. ஒன்றின் ரப்பர் மூடியில் ஊசி ஏறிய துளைகள், எண்ணிப் பார்த்தேன், ஐந்து. குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்ப விழுப்புரம் ஓடினேன்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது என்ன மருந்து என்றார். நாலு எழுத்தையும் எண்ணையும் சொன்னேன். உள்ளே இருப்பது அதுதான் என்று எப்படித் தெரியும் என்றார். தெரியாது என்றேன். யார் செய்தது, தெரியாது. கிருமி இல்லாமல் அடைத்ததா, தெரியாது. எவ்வளவு சூட்டில் எத்தனை நாள் கிடந்து வந்தது, தெரியாது. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டார். தென்னரசு, என் வயசில் இதுவரைக்கும் அந்தக் கேள்விக்கு நான் தலை குனிந்ததில்லை. பார்மசிஸ்ட் என்று சொன்னபோது எனக்கே குரல் கேட்கவில்லை. பொடியில் இருந்த அழுக்கா, பழைய தண்ணீரில் வளர்ந்த கிருமியா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார், ஆனால் கோழி மருந்து என்று நினைத்தே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் எதையெதையோ தேடிக்கொண்டிருப்போம் என்றார். சீழைக் கீறி எடுத்து, நாலு நாள் பாட்டில் ஏற்றி, மீட்டுக் கொடுத்தார்கள்.

ஜுரம் தெளிந்ததும் ஏன்டி பொய் சொன்னே என்று கேட்டேன். போலீசு கீலீசுன்னு வந்துட்டா புள்ளைக்கு அங்க வேலை போயிடும்ல, எனக்கு முட்டி வலிக்குதேன்னுதானே அனுப்பினான், அதுல இன்னா தப்பு என்றாள். பதினாறு வருஷமாக ஊசி போட்டு ஒரு கோழியைக் கூட சாக விடாதவள் அவள். தெருவில் அவளைக் கூப்பிட்டுத்தான் மற்ற வீட்டுக் கோழிகளுக்கும் ஊசி போடச் சொல்வார்கள். இப்போது அவள் கோழி ஊசி போட்டுக்கொண்ட கதை ஊர் முழுக்க ஓடுகிறது. எதிர்வீட்டுக் கண்ணையன், அண்ணி எப்ப முட்டை போடப் போறாங்க என்று என்னிடமே கேட்கிறான். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தால் உங்கம்மா கண்ணால் அதட்டுகிறாள், அவனோடு சேர்ந்து தானும் சிரிக்கிறாள். இந்த மாசம் யாரும் அவளை ஊசி போடக் கூப்பிடவில்லை.

பொங்கலன்று நீ கேட்டாய், நீங்க மட்டும் சீட்டு இல்லாம மருந்து குடுத்ததில்லையா என்று. சுருக்கென்று இருந்தது, அதனால்தான் அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனேன். கொடுத்திருக்கிறேன். தெரிந்த முகம், பஸ்ஸுக்கு நேரமாச்சு, டாக்டரிடம் போகச் சோம்பல் என்று எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், அது தப்புதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே நிறுத்திவிட்டேன், முதலாளி ஜெகதீசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். ஆனால் நான் கொடுத்த மாத்திரை அட்டையில் கோளாறு என்றால் கம்பெனியிலிருந்து கடிதம் வரும், அந்தத் தொகுதி எண் போட்டதை எல்லாம் கட்டித் திருப்பி அனுப்புவோம். உன் குப்பிக்கு யார் கடிதம் போடுவார்கள்? நீ வாங்கிய இணையக் கடையைக் கலைப்பிரியா தேடிப் பார்த்தாள், அந்தப் பேரில் இப்போது ஒன்றுமே இல்லையாம்.

மற்றபடி மல்லாட்டை இந்த முறை பரவாயில்லை, கலைப்பிரியா குழந்தைக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. அன்சாரியிடம் மல்லாட்டை உருண்டை கொடுத்திருக்கிறேன், அவருக்கும் பங்கு கொடு. உன்னிடம் மிச்சம் இருக்கிற குப்பியை எல்லாம் எடுத்துக்கொண்டு அங்கே ஒரு டாக்டரிடம் போ, எத்தனை நாளாகப் போட்டாய் என்று மறைக்காமல் சொல், ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல். தோள் வலிக்கு அவர் சொல்கிறதைச் செய். லீவு கிடைக்கவில்லை என்ற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

நீ தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், கல்யாணம் காட்சி கண்டு நன்றாக இருக்க வேண்டும். திட்டியதை மனசில் வைத்துக்கொள்ளாதே, வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, டாக்டரிடம் போய்விட்டு வைத்துக்கொள். கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் உங்கம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் கேட்டது, அவனும் இதத்தானே போட்டுக்கினு இருக்கான், அவனுக்கும் வீங்கியிருக்குதா கேளுங்க என்றுதான். அன்றைக்கிலிருந்துதான் நீ பேசும்போதெல்லாம் ஜுரம் இருக்குதாடா, வயித்துல வலி இருக்குதாடா என்று கேட்கிறாள், நீயும் இன்னாம்மா தெனமும் இதையே கேட்டுக்கினு இருக்க என்று சலித்துக்கொண்டு போனை வைத்துவிடுகிறாய். நாளைக்கும் கேட்பாள். நாளைக்காவது பதில் சொல்லு.

இப்படிக்கு
உன் அப்பா,
கோ. அரங்கநாதன்